பூதத்தின் பக்கம் ஓர் ஆள்

நல்லூர் கோவிந்தராசுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பூங்கோதையை பக்கத்திலேயே இருக்கிற மங்களூரில் அத்தை மகனுக்கே கொடுத்தார்கள். இளையவன் கோகுலகிருஷ்ணன். அவனுக்குப் பெண்ணாடத்தில் தாய்மாமன் மகள் இருந்தாள். பேச்சும் இருந்தது. பேச்சு பேச்சாகவே கிடக்க, அந்தப் பெண் திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் இவனுக்கென்று யாரும் பெண் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி இவனும் கேட்கவில்லை. அப்பா முன்னமே போய்விட்டார், அம்மா விருத்தாம்பாள் போய்ச் சேர்ந்தே ஆறு வருசம் ஆகிறது.

இப்போது அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு, சூளையில் சுட்டால் பளபளக்கிற வர்ண மெருகு பூசுகிறான். ஆறு நாள் வேலைகூடப் பாரமில்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதுதான் பாரம். காலையில் கடையில் "ஒரு டீ" என்று சொல்வானே, அத்தோடு சரி. மறுநாள் பட்டறைக்குப் போகிற வரைக்கும் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.

ஒரு ஞாயிறு சாயங்காலம், ஆதார் அட்டையை நகல் எடுக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனான். கடையில் ஆளில்லை, மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கொட்டியது. படியேறி எட்டிப் பார்த்தான். கடைக்காரன் தமிழ்செல்வன், அவன் மனைவி மோகனப்பிரியா, அவள் தம்பி அன்பரசன், அவனோடு வேலை பார்க்கிற துர்கா, இந்த நாலு பேரும் மாடியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கட்டம் போட்ட அட்டையில் கட்டைவிரல் உயர வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, வாராவாரம் ஒரே கதையாகத் தொடர்ந்து பூதத்தை வேட்டையாடுகிற விளையாட்டு. அன்றைக்குப் பூதமாக நின்றது ஒரு சோப்பு டப்பா.

அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறும் அதே அட்டையை நகல் எடுத்தான். நம்மையும் உட்காரச் சொல்வார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"எத்தன ஜெராக்ஸ்ணே எடுப்பீங்க?" என்றான் தமிழ்செல்வன். "ஆமா, நீங்க பொம்மைக்கு கலர் அடிக்கிறவருதான? எங்க பூதம் பார்சல்ல வந்துருக்குது. வெறும் சாம்பலா நிக்குது. அடிச்சுக் குடுக்குறீங்களா?"

"குடுக்குறேன்" என்றான். நானும் ஆடலாமா என்று கேட்காமலே பூதத்தை வாங்கிக்கொண்டான்.

முதலை வாய், பன்றி உடம்பு, முதுகெல்லாம் கடுகு கடுகாகச் செதில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பிளாஸ்டிக் பூதம். கூடவே ஆறு சின்ன புட்டிகளில் வர்ணம். கோகுலகிருஷ்ணனுக்குக் கை பழகியது ஒன்றுதான். சூளையில் நெருப்பு மெருகை உருக்கி மெலிதாக்கிவிடும், அதனால் தாராளமாக மூன்று பூச்சு கொடுக்க வேண்டும். அப்படியே பூதத்துக்கும் கொடுத்தான். காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், செதில் ஒன்றையும் காணோம். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு, பூதம் வாயில் களியை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. இதைச் சூளையில் வைக்க முடியுமா? உருகி ஒழுகிவிடும். தப்பைச் சரிக்கட்ட நெருப்பு இல்லாத வேலை இது.

இந்த மூஞ்சியைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த மாடிப்படி அத்தோடு சரி என்று பயந்துபோனான். மெடிக்கலில் ஸ்பிரிட்டு வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நாலு நாள் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். பிறகு வர்ணத்தில் தண்ணீர் கலந்து, பூச்சு தெரியாத அளவுக்குத் தடவினான். பூசின நிறம் பூசினபடியே நின்றது அவனுக்கு அதிசயமாக இருந்தது. பட்டறையில் பூசுவது வெளிறி இருக்கும், நீலமா பச்சையா என்று சூளை திறந்தால்தான் தெரியும். இது அப்போதைக்கப்போதே முகம் காட்டியது. செதில் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வந்தது.

ஞாயிறன்று அதைப் பார்த்த துர்கா, "ஐயோ, கடிச்சிடும்போல இருக்குதே!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒக்காருங்கண்ணே" என்றான் தமிழ்செல்வன். "எப்பவும் பூதத்த நாந்தான் நகத்துவேன். இன்னிக்கு நீங்க நகத்துங்க. நானும் வேட்டைக்குப் போறேன்."

உட்கார்ந்தான். அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் அவன் ஒருத்தன்.

"பூதம் செத்தா?" என்று கேட்டான்.

"ஆட்டம் முடிஞ்சிது, வூட்டுக்குப் போவலாம்" என்றான் அன்பரசன்.

அது போதும் அவனுக்கு. பகடை விழுந்த போதெல்லாம் பூதத்தை மூலைக்கு மூலை நகர்த்தினான்.

"இன்னாண்ணே இது? பூதம் வந்து கடிக்கணும். உங்க பூதம் கடங்காரனப் பாத்த மாதிரி ஓடுதே!" என்றான் தமிழ்செல்வன்.

"வாய் நெறைய பல்லு வச்சிட்டு ஒருத்தரையும் கடிக்க மாட்டேங்குறாரே" என்றாள் துர்கா.

மாடி அதிரச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஓடி ஓடி ஏழரை மணி வரைக்கும் இழுத்தான். கடைசியில் நாலு பேரும் நாலு பக்கம் வளைத்துக்கொண்டார்கள். தமிழ்செல்வனுக்கு ஆறு விழுந்தது. பூதம் சாய்ந்தது. நாலு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள்.

"அடுத்த வாரம் ஆட்டம் இருக்குதா?" என்று எப்படியோ கேட்டுவிட்டான்.

"பூதம் செத்ததோட இந்தக் கதை முடிஞ்சிட்டுதுண்ணே. புதுக் கதை பார்சல்ல வர ரெண்டு மாசம் ஆவும்" என்றான் தமிழ்செல்வன்.

மோகனப்பிரியா செல்லை எடுத்தாள். "நம்பர் சொல்லுங்கண்ணே, வந்ததும் கூப்புடுறோம். உங்க பேரு இன்னா?"

அதுவரைக்கும் அங்கே யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"கோகுலகிருஷ்ணன்" என்றான். நம்பரையும் சொன்னான்.

அவள் தட்டிவிட்டுத் திருப்பிக் காட்டினாள். 'பூதம் அண்ணன்' என்றிருந்தது. "இதுதான் ஞாபகம் இருக்கும்" என்று சிரித்தாள்.

"இருக்கட்டும்மா. போயிட்டு வரேன்" என்று சொல்லிப் படியிறங்கினான். இரண்டு மாசம் என்றால் எட்டு ஞாயிறு. மேலே அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனான்.