பானைக்குள் கம்மஞ்சோறு

கோவில்பட்டியில் நாங்கள் போட்ட பசி நாடகத்தில் தாய் வேடம் எனக்குத்தான் என்றிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் செல்விக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வயிறெரிந்தது. காலிப் பானையைச் சுரண்டிக்கொண்டு அவள் அழ வேண்டும். மேடையில் திணறட்டுமே என்று அந்தப் பானைக்குள் கம்மஞ்சோற்றை வைத்துவிட்டேன்.

பானையைத் திறந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு மகளாக நடித்த பெண்ணுக்கு ஊட்ட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நீ தின்னு. எனக்குப் பசிக்கல."

கூட்டம் கைதட்டத் தட்ட எனக்கு இன்னும் எரிந்தது.

நாடகம் முடிந்து திரைக்குப் பின்னால் போனேன். செல்வி பானையை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் திங்கலக்கா. யாரு வச்சாவளோ, அவிய நல்லா இருக்கணும்."

அந்த வாழ்த்து எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.