கயிற்றைக் குட்டையாகக் கட்டினோம்

பிள்ளைகளே, அப்பா கிரேக்க நாட்டுத் தீவுக்குப் பாய்மரப் படகில் போன கதையைக் கேட்கும்போதெல்லாம் நீலக் கடலையும் வெள்ளை வீடுகளையும் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பாறை.

எங்கள் சரக்குக் கப்பல் அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில் ரிப்பேருக்கு நின்றிருந்தது. நானும் உங்கள் தாய்மாமனும் அதில்தான் வேலை பார்த்தோம். ரிப்பேர் யார்டின் வாட்ச்மேன் வயதானவர். அவருக்கு வீடு கிடையாது, பாய்மரப் படகுதான் குடித்தனம். துணிமணி, அடுப்பு, செத்துப்போன மனைவியின் போட்டோ எல்லாம் அதற்குள்தான். இன்ஜின்கூடக் கிடையாது. ஒரு லீவு நாளில் எங்களை எதிரே இருந்த தீவுக்குக் கூட்டிப்போனார்.

கரைக்குக் கொஞ்சம் தள்ளிப் பாயை இறக்கினார். நங்கூரம் போடச் சொல்லிச் சைகை செய்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து வேறு ஏதோ காட்டினார். புரியாமலே தலையாட்டினோம். நங்கூரம் தரை தட்டியதும் உங்கள் மாமன் கயிற்றைக் குட்டையாக இழுத்துக் கட்டினான். நம்ம காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அப்படித்தானே? படகுக்குப் படகு ஒட்டி நிற்கிற இடத்தில் கயிற்றை நீளமாக விட்டால் பக்கத்துப் படகை இடிக்கும், சண்டை வரும். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

பெரியவர் சின்னத் துடுப்புப் படகில் ரொட்டி வாங்கக் கரைக்குப் போனார். நாங்கள் ராயபுரத்தில் அரைத்த மிளகாய்த்தூளைப் போட்டு மீன் குழம்பு வைத்தோம்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. திடீரென்று மலையிலிருந்து காற்று இறங்கி அடித்தது. குழம்புச் சட்டி சாய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஓடினேன்.

"மச்சான், அந்தப் பாறை அப்பவே அவ்ளோ கிட்டயா இருந்துச்சு?" என்றான் உங்கள் மாமன்.

"பாறை எங்கடா நவுரும்? நாமதான் போய்கினு கீறோம்!"

நங்கூரம் தரையைப் பிடிக்காமல் இழுபட்டுக்கொண்டே வந்தது. பின்னால் அலை பாறையில் மோதி நுரைத்தது. எங்களுக்கு நீச்சல் தெரியும், தப்பித்துவிடுவோம். ஆனால் அந்த மனுஷன் திரும்பி வந்தால் எங்கே போய்ப் படுப்பார்?

"கயித்த வுடு மச்சான்! இன்னும் வுடு!" என்று கத்தினான் உங்கள் மாமன்.

"பின்னால பாறை கீது, கயித்த வுடுன்றியே! பைத்தியமாடா நீ?"

"தாத்தா கைய விரிச்சி இன்னாத்தக் காட்டினாரு? நீளமா வுடச் சொல்லித்தான்! அப்பதான் நங்கூரம் படுத்துத் தரையக் கவ்வும்!"

முடிச்சை அவிழ்த்தோம். கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. படகு இன்னும் வேகமாகப் பாறைப் பக்கம் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு முழுவதும் போய் விறைத்தது. ஒரு குலுக்கல். படகு நின்றது. பாறையில் தெறித்த தண்ணீர் எங்கள் முகத்தில் விழுந்தது.

பெரியவர் வெறி பிடித்தவர்போல் துடுப்புப் போட்டு வந்து ஏறினார். கயிற்றைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். மறுபடி கைகளை விரித்துக் காட்டினார். இந்த முறை நாங்களும் விரித்துக் காட்டினோம்.

"காசிமேட்டுல மூச்சு வுடாத மச்சான். நங்கூரம் போடத் தெரியாதவன்னு பேரு வச்சிடுவானுங்க," என்று உங்கள் மாமன் என் காதில் சொன்னான்.

பெரியவர் உள்ளே போய், கவிழ்ந்து கிடந்த போட்டோவை எடுத்துச் சட்டையில் துடைத்து மாட்டினார். பிறகு ரொட்டியைப் பிய்த்து, சட்டியில் மிஞ்சிய குழம்பை வழித்து, முதல் துண்டை உங்கள் மாமன் கையில் கொடுத்தார்.