வால்கேஷ்வர் ஏற்றத்தில் கொதித்த வண்டி

தாராவியில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் சாளியில் ஒரு தப்பும் செய்யாத மனிதர் யார் என்று கேட்டிருந்தால் சொரிமுத்து அண்ணாச்சி தானே கையைத் தூக்கியிருப்பார். குடிக்க மாட்டார், பீடி பிடிக்க மாட்டார், டாக்ஸியில் ஏறுகிறவனைச் சுற்றுவழியில் கூட்டிக்கொண்டு போக மாட்டார். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அடுத்தவன் தப்புச் செய்தால் அவருக்கு எப்படியோ மூக்கு வியர்த்துவிடும். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அவர்தான் வரிசைக்கு நாட்டாமை. டாக்ஸிக்காரர்கள் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பெண்கள் சண்டை போட்டபோது, மனுஷர் குடிக்கிற நல்ல தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றக் கூடாது, வண்டிக்காரன் எல்லாம் கிணற்றில் இறைத்துக்கொள்ளட்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் யார் உட்கார்ந்து விளக்கம் கேட்பது?

அவர் ஓட்டியது மாதுங்கா மகாதேவனுடைய வண்டி. மகாதேவன் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆன பாலக்காட்டுக்காரர். ஒரு பழைய ஹில்மன் காரை வாங்கி டாக்ஸியாக விட்டிருந்தார். பகலில் சொரிமுத்து ஓட்டுவார், சாயங்காலத்துக்கு மேல் அவருடைய மச்சினன் பிச்சையா ஓட்டுவான். பிச்சையா, சொரிமுத்துவின் மனைவி பூமாரிக்குத் தம்பி. ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தான். சாது. அத்தான் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான்.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் கோடையில் அந்த வண்டி கொதிக்க ஆரம்பித்தது. முதலில் கொதித்தது பிச்சையாவின் கையில். குடும்பத்தோடு வந்த ஒரு சேட்டை ஏற்றிக்கொண்டு சௌபாத்திக் கடற்கரையிலிருந்து வால்கேஷ்வர் ஏற்றத்தில் போகும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. குழந்தைகள் அழ, சேட் திட்டிக்கொண்டே இறங்கி நடந்தாராம். பிச்சையா மறுநாள் அத்தானிடம் வந்து, அன்றைக்கு எடுக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க மறந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னான். அதோடு அவன் கதை முடிந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் இன்ஜினுக்கு மேல்மூடியான ஹெட் சூட்டில் வளைந்துபோகும், இவன் வளைத்துவிட்டான் என்று சொரிமுத்து தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ஹெட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகட்டை மாற்றினார்கள். கொஞ்ச நாளிலேயே அதே ஏற்றத்தில் மறுபடியும் கொதித்தது, இந்தத் தடவை சொரிமுத்துவின் கையில். சமதரையில் ஓடினால் ஒன்றுமில்லை, மேடு கண்டால் போதும், சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய் நிற்கும். காலையிலும் மாலையிலும் தானே கேனைத் தூக்கிக்கொண்டு போய் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பினார். பிச்சையாவைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு வளைந்த ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட் என்னடா செய்யும் என்று எரிந்து விழுந்தார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். பூமாரி மதினி அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

மகாதேவனுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி நின்றால் அவர் வீட்டில் உலை வைப்பதும் சிரமம்தான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சொரிமுத்துவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் யார் கையில் கெட்டது என்று எனக்குத் தெரிய வேண்டும், கெடுத்தவன் இனி என் வண்டியைத் தொடக் கூடாது, தெரியாவிட்டால் வண்டியையே விற்றுவிடுவேன் என்றார்.

"மச்சினன்னு பாக்க மாட்டேன் சாமி. ஆதாரத்தோட வந்து சொல்லுதேன்" என்றார் சொரிமுத்து.

இன்ஜினைக் கெடுத்தவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் பம்பாயில் அதற்கப்புறம் எந்த முதலாளியும் அவனிடம் சாவி கொடுக்க மாட்டான். டாக்ஸி ஸ்டாண்டில் பேச்சு அவ்வளவு வேகமாகப் பரவும். இது சொரிமுத்துவுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

சனிக்கிழமை காலையில் வண்டியைச் சாளிக்கு முன்னால் நிறுத்தி, ஆதாரம் தேட ஆரம்பித்தார். முதலில் விசிறியின் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். தளர்ந்திருக்கவில்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, ஆறியிருந்த இன்ஜினைக் கிளப்பினார். ஹெட் வளைந்திருந்தால் உள்ளேயிருந்து காற்று கசிந்து தண்ணீரில் குமிழ் குமிழாக வரும். அந்தக் குமிழைத்தான் அவர் எதிர்பார்த்தார். குனிந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் நாலு பேர் சுற்றி நின்றோம். ஒரு குமிழ்கூட வரவில்லை. இன்ஜினை உறுமவிட்டுப் பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

சொரிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. ஹெட் வளையவில்லை என்றால் பிச்சையா மேல் சொன்னது நிற்காது. ஆனால் அவர் லேசில் விடுகிறவரா? இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. சூடு ஏறினால் அது தானாகத் திறந்து தண்ணீரை ஓடவிட வேண்டும். இன்ஜினை ஆறவிட்டு, அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டு ஸ்டவ்வில் வைத்தார். பூமாரி மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது தெறக்கலைன்னா?"

"சாமான் பழசு. யாரு மேலயும் குத்தமில்ல."

"தெறந்துட்டுன்னா?"

அவர் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துத் தீயைக் கூட்டினார். திறந்துவிட்டால் குற்றம் மறுபடியும் பிச்சையா தலையில்தான் விழும். சட்டியில் தண்ணீர் சுடச் சுட, அந்தக் கதவு திறக்கவே கூடாது என்று பேராச்சி அம்மனை வேண்டிக்கொண்டேன் என்று மதினி பிற்பாடு எங்களிடம் சொன்னார். அது மெல்ல அசைந்தது. பிறகு ஒழுங்காக, முழுசாகத் திறந்தது. மதினி எழுந்து வெளியே போய்விட்டார்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, வண்டியை சயான் வரைக்கும் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் முகத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். மேலே கை வைக்க முடியாத சூடு. நடுவில் குறைந்தது. கீழ்ப்பாதி ஜில்லென்று இருந்தது. துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் மறுபடி தடவினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, வழியிலேயே அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆறியதும் கீழே இருந்த ஹோஸைப் பிடுங்கினார். குடம் கவிழ்ந்த மாதிரி கொட்ட வேண்டிய தண்ணீர் நூல் மாதிரி ஒழுகியது. அதோடு சாம்பல் வெள்ளையாகப் பொருக்குகள் வந்து விழுந்தன. ஒன்றை எடுத்து நசுக்கி நாக்கில் வைத்தார். உப்பு.

பூமாரி மதினி உள்ளே போனார். துணி அவிக்கிற பானையைக் கொண்டுவந்து அவர் முன்னால் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஒட்டியிருந்ததும் அதே பொருக்குதான். அவர் சட்டம் போட்ட கிணறு மாகிம் உப்பங்கழி ஓரத்தில் இருந்தது. அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, துணிக்கும் பாத்திரத்துக்கும்தான் ஆகும். அந்தத் தண்ணீரைத்தான் சொரிமுத்து தன் கையாலேயே ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொதிக்கக் கொதிக்க, அக்கறையாக இன்னும் இன்னும் ஊற்றினார். அவர் போட்ட சட்டத்தை மற்ற டாக்ஸிக்காரர்கள் அன்றைக்கே காற்றில் விட்டுவிட்டுப் பெட்ரோல் பம்பில் பிடித்துக்கொண்டார்கள். பிச்சையாவும் ஒரு தடவை, பம்பில் பிடிச்சுக்கிடட்டுமா அத்தான் என்று கேட்டிருக்கிறான். ஊருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்று அவனை உட்கார வைத்து விளக்கம் சொன்னவர் இவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் குர்லா ரோட்டுக் கடையில் ரேடியேட்டரைப் பிரித்துக் குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து பற்றவைத்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதுங்காவில் போய் நின்றார். வாயைத் திறக்கும் முன்பே மகாதேவன், பிச்சையா நேற்று சாயங்காலமே வந்து, கெடுத்தது நான்தான் என்று சொல்லித் தன்னிடமிருந்த சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான், நீ இனி பயமில்லாமல் ஓட்டு என்றார்.

அந்த இடத்தில் சொரிமுத்து சும்மா இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் சும்மாவும் இருந்தார், அதையும் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அவன் கெடுக்கல சாமி. நாந்தான் கெடுத்தேன். உப்புத் தண்ணி ஊத்துனது நான்."

மகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ நீயே போய் அவனைக் கூட்டிண்டு வா. அவன் ஓட்டட்டும், நானும் ஏறி உக்கார்றேன். அந்த ஏத்தத்துல கொதிக்கலேன்னா ரெண்டு பேரும் ஓட்டுங்கோ. கொதிச்சா வித்துடறேன்" என்றார்.

பிச்சையா தாதர் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். சொரிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா வீட்டுக்காக இவன் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டான் என்றுதான் அவர் வழியெல்லாம் நினைத்து மருகிக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

"நாந்தான் கெடுத்தேன்னே நெனச்சேன் அத்தான். தூக்கத்துலயும் அந்த ஹெட்டுதான் வருது. நீங்க சொல்லுதீயன்னா சரியாத்தான இருக்கும்."

சொரிமுத்து மார்க்கெட் நடுவில் அப்படியே நின்றார். யாரோ ஒருவன் ஹட்டோ, ஹட்டோ என்று தள்ளிக்கொண்டு போனான்.

பிச்சையா ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்றான். கெஞ்சி உட்கார வைத்தார்கள். பின்னால் மகாதேவன், பக்கத்தில் சொரிமுத்து. சௌபாத்தி தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் மூன்று பேர் கண்ணும் சூடு காட்டுகிற முள்ளின் மேல்தான் இருந்தது. நல்ல உச்சி வெயில். வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. முள் நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. மகாதேவன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பாதி ஏற்றத்தில் பிச்சையா வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். அவன் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினான். ஆவி இல்லை, சத்தமில்லை. கையை ரேடியேட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்லலே, வண்டி நல்லாருக்கு, ஏறு" என்று சொரிமுத்து சொன்னார். பிச்சையா தலையை ஆட்டினான், ஆனால் கையை எடுக்கவில்லை.

அந்த வண்டி அதற்கப்புறம் கொதித்ததே இல்லை. பிச்சையா இன்னும் எத்தனையோ வண்டிகள் ஓட்டினான், சொந்தமாக ஒன்று வாங்கவும் செய்தான். ஆனாலும் எந்த மேட்டில் ஏறினாலும் பாதியில் நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவான். பாசஞ்சர்கள் பைத்தியக்காரன் என்று திட்டுவார்கள். சொரிமுத்து பக்கத்தில் இருந்தால் அவரும் கூடவே இறங்கி, அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் வெயிலில் நிற்பார்.