லிங்கில் இருக்கும் நேரமே சரி

எங்கள் பக்கத்தில் ஒரு தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் முதலில் ஓடுவது வாட்ஸ்அப் செய்திதான். அந்தச் செய்தியில் எடுக்கும் நேரத்தைப் போடவே கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அதற்குக் காரணம் இருந்தது. மின்சுடலையில் கிடைக்கும் இடத்தைப் பொறுத்து நேரம் மாறும். வெளிநாட்டிலிருந்து மகள் வரும் விமானம் தாமதமானாலும் மாறும். ஆனால் பழைய செய்திக்குச் சாவே கிடையாது. குழு குழுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி மாலையோடு வருகிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

அலுவலக வேலையை விட்ட பிறகு அதற்காகவே சின்னதாக ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். இறந்தவரின் படம், வீட்டு விலாசம், எடுக்கும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் போகும். நேரம் மாறினால் நான் ஓரிடத்தில் மாற்றினால் போதும், பார்க்கிற எல்லோருக்கும் மாறிவிடும். ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டேன்: ‘செய்தியில் வரும் நேரத்தை நம்பாதீர்கள். லிங்கில் இருக்கும் நேரமே சரி.’ இரண்டு வருடத்தில் எங்கள் தீவிலும், ஃபெரிப் படகில் கடலைக் கடந்தால் வரும் அக்கரையிலும் எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் தலைக்கனமே இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் அடுக்குமாடியில் எனக்குக் கீழ் மாடியில் ஓர் அக்கா இருந்தார். துணி காயப்போடும் இடத்தில்தான் எங்கள் பேச்செல்லாம் நடக்கும். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், கல்யாணமாகித் தீவுக்கு வந்தவர். அக்கரையில் இருக்கும் அண்ணன் பேச்சு வராத நாள் இல்லை. ‘உங்க லிங்க்ல ஒரு நாளைக்கு என்னையும் போடுவீங்கதானே? நல்ல போட்டோவா போடுங்க. ஆனா எங்கண்ணன் கோடி வராம என்னைத் தூக்க விட்டுராதீங்க, சொல்லிட்டேன்’ என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்துவார்கள். அதுதான் கோடி. கடைசியாகப் பிறந்த வீடு செய்வது அது ஒன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அக்கா போய்விட்டார். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாக அவர் மகன் சொன்னான். நல்ல போட்டோவாகத்தான் போட்டேன். லிங்க் போனது.

மாலை ஐந்து மணிக்கு மகன் மாடி ஏறி வந்தான். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

“ஆன்ட்டி, மின்சுடலையில நாளைக்குப் பன்னண்டு மணிக்குத்தான் இடம் இருக்காம். பதினோரு மணிக்கு எடுத்தாகணும். மாமாவுக்கெல்லாம் ஃபோன் பண்ணிச் சொல்லணுமா?”

“நீ மத்த வேலையைப் பாரு தம்பி. லிங்க்ல நான் மாத்திடுறேன். எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க” என்றேன்.

இந்த வாயால்தான் சொன்னேன்.

மாற்றப் போனால் பக்கம் திறக்கவில்லை. வெள்ளையாக நின்றது. மறுபடி அழுத்தித் திறந்து நேரத்தை மாற்றினேன். ‘சேமிக்க முடியவில்லை’ என்றது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தளம் அழகாகத் திறந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே மூன்று மணி.

என் தளத்தைத் தங்கள் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தொலைபேசி எண் பெரிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தானாம். எனக்கு வாய்த்தது சாட் பெட்டி. முதலில் ஒரு இயந்திரம் பேசியது. கணினியை அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு மனிதர் வந்தார். மனிதர் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் தளங்களையெல்லாம் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அது முடியும்வரை பழைய நகல்தான் தெரியுமாம், எதையும் மாற்ற முடியாதாம்.

‘முன்கூட்டிச் சொல்லவில்லையே?’ என்று கேட்டேன்.

‘உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தோம்’ என்றார்.

அனுப்பித்தான் இருந்தார்கள். விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. நான் பார்க்கவில்லை.

‘நாளைக்கு ஒரு இறுதிச் சடங்கு. நேரம் தப்பாக இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தையாவது எடுத்துவிடுங்கள்’ என்று கெஞ்சினேன்.

‘அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்ய உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம். அதைச் சொல்லுங்கள்.’

அந்த முகவரி அதே தளத்தில் இருக்கும் முகவரி. தளத்தோடு சேர்ந்து அதுவும் உறைந்து கிடந்தது; பழைய அஞ்சல்கள் தெரிந்தன, புதிதாக எதுவும் வந்து சேரவில்லை. வேறு முகவரி தருகிறேன் என்றால், முகவரியை மாற்றுவதற்கும் அந்த எண் வேண்டுமாம். வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டு வெளியில் நிற்பவளிடம், சாவியைக் காட்டினால் கதவைத் திறக்கிறேன் என்றார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள், நீங்கள் பதில் சொல்லாததால் உரையாடல் முடிக்கப்பட்டது என்று பெட்டி மூடிக்கொண்டது. மறுபடி வரிசையின் கடைசி. மறுபடி அந்த இயந்திரம். கணினியை அணைத்துப் போடுங்கள்.

அப்போதே கீழே இறங்கிப் போய், தம்பி, என்னால் முடியவில்லை, எல்லோருக்கும் ஃபோன் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதோ சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். வெட்கம்தான், வேறென்ன. விடியும்போதும் மூன்று மணி என்றே இருந்தது.

காலையில் எல்லாக் குழுக்களிலும் எழுதினேன்: ‘நேரம் மாறிவிட்டது. பதினொரு மணி.’ எங்கிருந்தோ ஒருவர் உடனே பதில் போட்டார்: ‘லிங்க்ல மூணுனுதானே இருக்கு? செய்தியில வர்ற நேரத்தை நம்பாதீங்க.’ அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நான்தான் எழுதுகிறேன், தளம் என்னுடையது என்று கத்தினேன். சிலர் நம்பினார்கள். சிலர் இன்னும் லிங்கையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கீழே போய் மகனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. உடனே மாமாவுக்கு ஃபோன் போட்டான். எடுத்தது மாமாவின் பக்கத்து வீட்டு அம்மா.

“அவரு ஃபோனை சார்ஜ்ல போட்டுட்டு மறந்து போயிட்டாருப்பா. ஏழு மணி பஸ்ஸுக்கே போயிட்டாரு. பட்டர்வொர்த்துல இறங்கிக் கோடி எடுத்துட்டு ஃபெரியில வர்றேன்னாரு. ஆறு மணிக்குக்கூட எம்மக லிங்க்கைப் பாத்தா, மூணுனுதான் போட்டிருந்துச்சு. கடுதாசியில எழுதிக் குடுத்தோம்.”

மகன் ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “ஆன்ட்டி, மாமா வராம எப்படி?” என்றான்.

நான் போகிறேன் என்று சொல்லி ஃபெரித் துறைக்கு ஓடினேன். அக்கரைக்கே போய்த் துணிக்கடைகளில் தேடலாமா என்று தோன்றியது. நான் அந்தப் படகில் போக, அவர் இந்தப் படகில் வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் தீவுப் பக்கமே நின்றேன். அவரை நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் பை இருக்கும் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு படகிலும் வெள்ளைச் சட்டைகள் இறங்கின. சீனர்கள், மலாய்க்காரர்கள், வேலைக்குப் போகும் நம் ஆட்கள். இரண்டு பேரிடம் போய் ‘நீங்களா?’ என்று கேட்டு அவமானப்பட்டேன். படகுக்குப் படகு நடுவே சாட் பெட்டியைத் திறந்தேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்றது. என்னிடம் எங்கே இருந்தது பொறுமை? தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

பதினொன்று ஆனது. மகன் ஃபோன் செய்தான். இன்னும் ஒரு படகு பார்க்கலாம் என்றேன். பதினொன்றே காலுக்கு மறுபடி செய்தான். அந்த இடம் தவறினால் மறுநாள்தான். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுக்க வீட்டில் யார் சம்மதிப்பார்கள்?

“இதுக்கு மேல முடியலை லா, ஆன்ட்டி” என்றான். தூரத்து உறவில் யாரோ ஒருவரைப் பிறந்த வீட்டு ஆளாக நிறுத்தி, அலமாரியில் இருந்த ஒரு புடவையைப் போர்த்தி எடுத்துவிட்டார்கள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி ஒரு டிஷ்யூ நீட்டினாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. ‘மகிழ்ச்சியான செய்தி! உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ லிங்கைத் திறந்தேன். உள்ளே போக முடிந்தது. நேரத்தை மாற்றினேன். ஒரே அழுத்தில் சேமித்துக்கொண்டது. எடுக்கும் நேரம்: காலை 11.

அடுத்த படகில் அவர் வந்தார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அக்காவின் அதே நெற்றி. துணிக்கடைப் பையை மார்போடு அணைத்திருந்தார். தமிழ் முகத்தைப் பார்த்து நேராக என்னிடமே வந்து, மடித்த கடுதாசியை நீட்டினார்.

“இந்த விலாசத்துக்கு எந்த பஸ்ஸும்மா? அவசரமில்ல. மூணு மணிக்குத்தான் எடுக்குறாங்க.”

“ஐயா, உங்களுக்காகத்தான் நிக்கிறேன்” என்றேன். பிறகு எப்படிச் சொன்னேன், என்ன வார்த்தையில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். அந்த லிங்க் என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பேசியைக் காட்டச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், கடுதாசியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். தங்கச்சியின் படத்தை விரலால் ஒருமுறை தொட்டார். விரல் பட்டுப் பக்கம் நகர்ந்து, கீழே கொட்டை எழுத்தில் இருந்த வரி மேலே வந்தது. அதை வாய்க்குள் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து புடவையைப் பாதி வெளியே எடுத்தார். கிளிப்பச்சை, அரக்குக் கரை.

“பச்சைனா அவளுக்கு உசுரு” என்றார். “முத கடையிலயே ஒன்னு இருந்துச்சும்மா, கொஞ்சம் மங்கல். மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கேன்னுதான் நாலு கடை ஏறி இறங்குனேன்.”