தனுஷ்கோடியில் பதினாலு பேர்

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கமுதியிலிருந்து ஐந்து பேர் ராமேஸ்வரம் போயிருந்தோம். அய்யா, அம்மா, அய்யாவின் தங்கையான அத்தை, நான், அம்மாவின் மடியை விட்டு இறங்காத தம்பி. காலையில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்தாகிவிட்டது. எத்தனையாவது கிணறு எவ்வளவு குளிர்ந்தது என்று பாதி தீர்ந்த கணக்கு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மத்தியானம் விடுதியில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். 'மாலை நேரக் கடலோரச் சுற்றுலா, வழிகாட்டியுடன்' என்று அதில் இருந்தது. அய்யா படித்துப் பார்த்துவிட்டு, "வந்தது வந்தோம், எல்லாத்தையும் பாத்துட்டுப் போயிருவோம்" என்றார். நான் நோட்டீஸில் இருந்த இடங்களை வரிசையாக நோட்டில் எழுதினேன். கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி சர்ச், பழைய ரயில் நிலையம், அக்னி தீர்த்தக் கரை, விளக்கு வெளிச்சத்தில் பாம்பன் பாலம். அடுத்த நாளுக்குரியதையும் விட்டுவிடக் கூடாது என்று கடைசியில் 'கடலாடி' என்று சேர்த்துக்கொண்டேன்.

அத்தை கடலாடியில் வாக்கப்பட்டவள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அவளுடைய இடது முழங்கைக்கு மேலே வட்ட வட்டமாக மூன்று தழும்புகள் இருந்தன. ஆப்பச்சட்டி சுட்டுவிட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆப்பச்சட்டி எப்படி ஒரே அளவில் மூன்று இடத்தில் சுடும் என்று யோசித்திருக்கிறேன். கேட்டதில்லை.

வேனில் ஏறியதும் கைடு ஒரு தாளை நீட்டினார். ராமேஸ்வரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஒரு விசிலும் ஒரு சிலுவையும் தொங்கின. தாளில் அய்யா தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஐந்து பேர்' என்று போட்டுக் கொடுத்தார். எல்லாக் குடும்பமும் அப்படித்தான் எழுதியது. ஒரு பெயர், ஒரு எண். கைடு தலைகளை எண்ணிவிட்டு மைக்கில், "பதிமூணு. ஒரு ஆளு குறையுதே" என்றார்.

"தம்பிய விட்டுட்டீங்க" என்றேன்.

வேனே சிரித்தது. "அடடா! மடியில இருக்கிற மாப்பிள்ளைய மறந்துட்டமே. கம்ப்யூட்டர் பாப்பா வந்திருக்கு பாருங்கய்யா. இனிமே எண்ணுற வேலை உனக்குத்தான். நீ ரைட்டு சொன்னாத்தான் வண்டி நகரும், என்ன?"

என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி அது. கோதண்டராமர் கோயிலில் இறங்கி ஏறியபோது எண்ணினேன், பதினாலு. தனுஷ்கோடிக்கு அப்போது தார்ச்சாலை கிடையாது. மூன்றாம் சத்திரத்தில் இறங்கி, மணலிலும் தண்ணீரிலும் ஓடுகிற பழைய வேனுக்கு மாற வேண்டும். பெயின்ட் உரிந்து, கதவு கயிற்றால் கட்டப்பட்டு, அங்கே நின்ற வேன்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அதில் ஏறியதும் எண்ணினேன், பதினாலு. "ரைட்டு!" என்று கத்தினேன். மூன்று கல்லூரிப் பையன்கள் கைதட்டினார்கள். அத்தை கடைசிப் பலகையின் மூலையில், மணல் முகத்தில் அடிக்காமல் இருக்கத் தலையோடு முந்தானையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் யாரோடும் பேசாமல் வந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அவள் அப்படித்தான் இருந்தாள்.

கைடு சர்ச்சைக் காட்டினார். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே நின்று, புயல் வந்த ராத்திரியைக் கையைக் காலை ஆட்டிச் சொன்னார். "ஒரு ரயிலையே தூக்கிட்டுப் போயிருச்சுய்யா கடல். இங்கன நின்னுட்டு இருந்த ஊரு, காலையில இல்ல!" புதிதாகக் கல்யாணமான மதுரைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சர்ச்சுக்கும், பக்கத்தில் இடிந்து கிடந்த ரயில் நிலையத்துக்கும் நேரே டிக் அடித்தேன்.

பிறகு அரைமணி நேரம் கடலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அத்தை தனியாகக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"ஏத்தா, இன்னும் என்னென்ன பாக்கி?" என்று கேட்டாள்.

நோட்டைப் பார்த்து வாசித்தேன். "அக்னி தீர்த்தக் கரை, பாம்பன் பாலம். நாளைக்குக் கடலாடி."

"கடலாடியா?"

"ஆமா அத்த. உங்கள அங்கன விட்டுட்டுத்தான் ஊருக்குப் போறோமாம். அம்மா உங்க துணிய எல்லாம் பச்சப் பையில வச்சிருக்காங்க. மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவாராம்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். என் பேனாவையும் வாங்கினாள். ஏதோ எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. நோட்டைத் திருப்பித் தந்துவிட்டு, காற்றில் கழன்று தொங்கிய என் கிளிப்பைச் சரியாக மாட்டிவிட்டாள். அவளுக்கு ஏற்கனவே தெரியும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பெரியவர்கள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் அல்லவா?

அதற்குள் விசில் கேட்டது. இருட்டுவதற்குள் எல்லா வண்டியும் திரும்பிவிட வேண்டும் என்று போலீஸ்காரர் ஒருவர் லத்தியைத் தட்டிக்கொண்டே வந்தார். நான்கைந்து விசில்கள் ஒரே நேரத்தில் ஊதின. ஆட்கள் நாலு பக்கமும் ஓடினார்கள். என் பதவி ஞாபகம் வந்து நானும் ஓடினேன். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று முன்னாலிருந்து எண்ணினேன். அய்யா ஒன்று, கல்லூரிப் பையன்கள் மூன்று, எங்களோடு வந்த ஒரு வாத்தியார் வீட்டில் நாலு, மதுரை ஜோடி இரண்டு, அம்மா, தம்பி, மூலையில் முந்தானை போர்த்திய தலை ஒன்று, நான். பதினாலு.

"ரைட்டு!"

இப்போது நான் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அபாயச் சங்கு ஊதினால் எல்லாரும் கூட வேண்டிய இடத்தில் தாளும் பேனாவுமாக நிற்பவள் நான்தான். ஷிப்ட் மேற்பார்வையாளர் ஓடி வந்து, "முப்பத்தாறு பேர் மேடம், எண்ணிட்டேன்" என்பார். நான் கையெழுத்துப் போடுவதில்லை. முப்பத்தாறு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். வெயிலில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அன்று மூன்றாம் சத்திரத்தில் வேன் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். மூலையில் இருந்த தலை தூக்கம் கலைந்து முந்தானையை விலக்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கூர்க்காரங்க ஒருத்தரையும் காணமுங்களே? காலு கடுக்குதுன்னு முன்னாலயே வந்து ஏறிட்டனுங்க. இது எங்க வண்டி இல்லீங்களா?"

அம்மா அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு வேனுக்குள் குனிந்து பார்த்தாள். காலியான பலகைகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சேலை நிறம் கூட வேறு. அத்தை கட்டியிருந்தது பச்சை, இது அரக்கு. திரும்பி வந்த அத்தனை தூரமும் அம்மா அவளுக்கு முன்பலகையில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை கூடத் திரும்பி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நானும் எண்ணியது தலையைத்தான்.

"ஏங்க" என்றாள் அம்மா.

கைடு என்னைப் பார்த்தார். "பதினாலுன்னு சொன்னியேம்மா?"

"பதினாலுதான் இருந்துச்சு!"

அய்யா என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீதான எண்ணுன. வா." அவர் என்னை அதுவரை அடித்ததில்லை. அன்றும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதே வேனில் அய்யா, கைடு, அந்த மூக்குத்திக்காரப் பெண், நான் என நான்கு பேரும் திரும்பிப் போனோம். சத்திரத்தில் நின்ற போலீஸ்காரரிடம், உள்ளே விடச் சொல்லிக் கைடு கெஞ்சினார். செல்போனில் சிக்னல் இல்லை. இருந்திருந்தாலும் அத்தையிடம் போன் கிடையாது.

பாதி வழியில் எதிரே ஒரு வேன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி வந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள், தங்கள் ஆளைக் காணாமல் கடைசிவரை நின்று தேடிவிட்டு வருகிறவர்கள். அவள் இறங்கியதும் திட்டும் அழுகையுமாக அவளைக் கட்டிக்கொண்டார்கள். அய்யா ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"அங்கன ஒரு பொம்பளப் பிள்ளையப் பாத்தீகளா? பச்சச் சேல."

"பாத்தமுங்க. அந்தக் கரையில நின்னுட்டிருந்தாங்க. எங்க வண்டியில ஏறிக்கங்கன்னு கூப்பிட்டமுங்க. எங்க வண்டி பின்னால வருதுன்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்ப எங்க வண்டி..."

"உங்க வண்டி அப்பவே போயிருச்சுங்களே. போறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க."

என் மணிக்கட்டில் அய்யாவின் விரல்கள் இறுகின. டிரைவர் வேகத்தைக் கூட்டினார். தேங்கி நின்ற தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழுந்தது. பார்த்துக்கொண்டே வண்டியைத் தவற விடுகிறவர்கள் உண்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாமே. கைதட்டியிருக்கலாமே.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கடலின் மேல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அய்யா ஓடினார். "ஏத்தா! ஏத்தா!" என்றார். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே" என்றார் கைடு. "ஏத்தான்னா இந்தக் காத்துல யாருன்னு தெரியும்?"

அய்யா ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது யாருடைய பெயர் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அவள் 'உங்க தங்கச்சி', எனக்கு அத்தை, தாளில் ஐந்தில் ஒன்று. அய்யா திரும்பத் திரும்ப அந்தப் பெயரையே கத்தினார். கடைசியில் குரல் உடைந்து சிறுபிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"இங்கன இருக்காக! இங்கிட்டு வாங்க!" என்று ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளத்தின் மறைவில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மீனவப் பெண், அத்தையின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அத்தையின் சேலை மார்பு வரை நனைந்திருந்தது. பல் கிட்டித்து நடுங்கினாள்.

"வழுக்கி விழுந்துட்டாக" என்றாள் அந்தப் பெண், என்னைப் பார்த்துக்கொண்டே.

மணலில் எப்படி வழுக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று கண்ணில் பட்டுவிட்டது. அலை எட்டாத தூரத்தில் அத்தையின் செருப்புகள் ஜோடியாக, சாமி கும்பிடப் போகும்போது விடுவதைப் போல, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. ஒரு செருப்புக்குள் என் பேனா. மணல் ஏறாமல் இருக்க மூடியைப் போட்டு, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். விழப் போகிறவள் எப்படி இவ்வளவு பத்திரமாக வைத்தாள் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. பேனா கிடைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அய்யா அத்தையின் முன்னால் மணலில் மண்டியிட்டார். அவர் ஏசப் போகிறார் என்று பயந்தேன். தன் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார்.

அந்த மீனவப் பெண் எழுந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். "கூட்டிட்டுப் போங்கண்ணே. ஆனா எங்க கூட்டிட்டுப் போறீகன்னு யோசிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

அய்யா தலையை அசைத்தார்.

திரும்பும்போது அத்தைக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்தேன். என் நியாயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல எனக்கு இருந்தது.

"அத்த, நான் தப்பா எண்ணல. பதினாலு சரியா இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

"சரியாத்தான் எண்ணியிருக்க, த்தா. நான் இல்லாமயே சரியாத்தான இருந்துச்சு."

முன்னால் உட்கார்ந்திருந்த அய்யாவின் தோள் குலுங்கியது. வேன் குலுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒருவராவது ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அக்னி தீர்த்தக் கரையையும் பாம்பன் பாலத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் காலை அய்யா பரமக்குடி பஸ்ஸில் எங்களை ஏற்றினார். ஜன்னலோர இருக்கை அத்தைக்கு. பச்சைப் பை அவள் காலடியில் இருந்தது. மண்டபம் தாண்டியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அய்யா, இது கடலாடி போகாதே?"

"போகாது."

"லிஸ்ட்ல இருக்கே."

அய்யா கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கைக்குட்டையில் சுற்றியிருந்த பேனாவையும் கொடுத்தேன். அவர் அந்த வரியின் மேல் கோடு போட்டார். ஒரு கோடு போதாமல், தாள் கிழியும் அளவுக்கு மறுபடி மறுபடி போட்டார். அம்மா தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

போகாத ஊரை இப்படி அடித்துவிடுவது பெரிய ஏமாற்று வேலை என்று எனக்குப் பட்டது. கமுதி வந்து சேரும்வரை யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.