அரை மூச்சுத் தாமதம்

திருச்சி பாலக்கரையில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் வீட்டுக்காரர் சகாயநாதன் இருக்கிறார். மாடி எனக்கு. மனிதர் டிரம்ஸ் வாசிப்பவர் என்று வீடு பார்க்க வந்த அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் போயிருப்பேன். நான் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். பாதி வேலை வீட்டில்தான். ஒற்று விட்டுப்போன இடத்தைத் தேடிக்கொண்டிருப்பவன் காலுக்குக் கீழே ஒருவர் மத்தியானம் உட்கார்ந்து டமடமவென்று அடித்தால் எப்படி இருக்கும்? முதல் வாரமே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன்.

"மன்னிச்சுக்குங்க முருகானந்தம் சார். உங்களுக்கு எந்த நேரம் தோதுன்னு சொல்லுங்க, அப்ப மட்டும் வாசிக்கிறேன்" என்றார்.

சண்டைக்கே வராத ஆளிடம் என்னத்தைச் சண்டை போடுவது. மூன்றிலிருந்து நாலு வரை என்று முடிவாயிற்று. ஆறு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தை நான் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினோரு வருஷம் உல்லாசக் கப்பலில் ஜாஸ் குழுவில் வாசித்தவர். அந்த வேலை முடிந்து ஊர் திரும்பிய வருஷமே மனைவி ரோசரி நர்ஸ் வேலைக்குக் குவைத் போய்விட்டார். இவர் வர, அவர் போக. பிள்ளைகள் இல்லை. வருஷத்துக்கு ஒரு மாதம் ரோசரிக்கு லீவு. மற்ற பதினோரு மாதமும் சகாயநாதன் ஒரு டம்ளர் அரிசி போட்டு, இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார், முகூர்த்த நாளில் ரிசப்ஷன் கச்சேரி. வேறு போக்கிடம் இல்லை.

ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"பேச்சு சார் அது. நான் ஒண்ணு சொல்லுவேன், அடுத்தவர் அதைக் கேட்டுட்டுப் பதில் சொல்லுவார். எழுதி வச்சு வாசிக்கிறது கம்மி. திருச்சியில எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல, அவ்வளவுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் ஒரு ஆல்பம் போடுவது என்று கிளம்பினார். பொன்மலையில் ஜேக்கப் என்று ஒரு சாக்ஸபோன்காரர் அகப்பட்டார். தில்லை நகரில் பிரவீன்ராஜ் என்பவன் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாண மண்டபத்துக்கும் பெங்களூர் கிளப்புகளுக்கும் டிஜே. கிளப்பில் ஆட்டத்துக்குப் போடுகிற கம்ப்யூட்டர் இசை அடியில் திம்திம்மென்று போகும், அதன் மேல் இவரும் ஜேக்கப்பும் ஜாஸ் வாசிப்பார்கள். இதுதான் திட்டம். ஒன்பது மாதம், குச்சிப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தார்.

"மிஷின் எப்படி சார்?" என்றேன்.

"அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவுது. நான் என்ன சொன்னாலும் காதுல வாங்கிக்கிறதில்ல. ஆனா பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டுக்கு அது தேவலை."

இதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். ரோசரி இவருடைய கப்பல் வாசிப்பைக் கேட்டதே இல்லை. "என்னதான் வாசிச்சீங்க அங்கன்னு ரொம்ப வருஷமா கேக்குறா. வாயால சொல்ற விஷயமா அது?" என்பார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மனைவிக்கு லீவும் கிடைக்கவில்லை. ரோசரி ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். இவருக்கு அது போதும்.

அவர் வாசிப்பைப் பற்றி எதிரியாக இருந்து கேட்ட நான் ஒன்று சொல்ல முடியும். அவருடைய அடி அரை மூச்சுத் தாமதித்துத்தான் விழும். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது, இறங்கும்போது கடைசிப் படி கொஞ்சம் தள்ளி இருப்பதுபோல. பிறகு எப்போது என்று தெரியவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த அரை மூச்சுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். கல்யாணத்துக்கு முன்பு ரோசரியும் அதே பாடகர் குழுவில் பாடியவர். "மத்தவங்க வாசிச்சா பாட்டு நடந்து போயிடும். நீங்க வாசிச்சா, யாரோ பின்னால வர்றாங்கன்னு கொஞ்சம் நின்னுட்டுப் போவும்" என்று அப்போதே சொன்னாராம். பொண்ணு பார்க்கப் போனபோது பாதிக் காரியம் அதிலேயே முடிந்துவிட்டது என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, குவைத்தில் விடுமுறை நாள், பிரவீன்ராஜிடமிருந்து லிங்க் வந்தது. ஸ்பீக்கரை இணைத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட வந்த செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன்: "அங்கிள், ஏழு பாட்டும் ரெடி. உங்க டிரம்ஸ் அங்கங்க லேட்டா விழுந்திருந்துச்சு. ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன். பழைய ரெக்கார்டிங் இடத்தை அடைச்சுது, எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஆன்ட்டிக்கும் அனுப்பிட்டேன்." அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. அது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அவரோ ரோசரிக்கு போன் போடுகிற அவசரத்தில் இருந்தார்.

அங்கே ரோசரி லேப்டாப்பில், இங்கே நாங்கள் ஸ்பீக்கரில். போன் நடுவில். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இரண்டு ஊரிலும் ஒன்றாகப் போட்டோம்.

சகாயநாதனின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கொஞ்ச நேரத்தில் அவர் விரல் விழுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் அடி விழுந்து போய்விட்டது. மறுபடியும். மறுபடியும். விரல்கள் நின்றுவிட்டன. ஒவ்வொரு அடியும் கோடு போட்ட நோட்டில் எழுதியதுபோல் மிஷினின் அடி மேலேயே போய் உட்கார்ந்திருந்தது. எது இவர், எது கம்ப்யூட்டர் என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

"ஏங்க, இது மிஷின்தானே? நீங்க எப்ப வருவீங்க?" என்றார் ரோசரி.

"இனிமேதான். கேளு."

போனை எடுத்து அந்தச் செய்தியைத் தேடி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். படித்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பழைய இடத்தில் வைத்தார். பிரவீன்ராஜைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் என்ன கேட்பது? முப்பது வருஷமாக நானும் அதே தொழில்தான் செய்கிறேன். ஒரு கவிஞர் வேண்டுமென்றே எழுதிய கொச்சையை நான் திருத்தி அச்சேற்றிவிட, அவர் அச்சகத்துக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் கெட்டவன் இல்லை. திருத்துகிறவன் கண்ணுக்கு எல்லாமே பிழைதான்.

மூன்றாவது பாட்டில் ஜேக்கப்பின் சாக்ஸபோன் எதையோ கேட்டது. பதில் சொன்ன அடி, கேள்வி முடிவதற்குள் வந்து நின்றது. சகாயநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இதுதான் நான் என்று அவர் சொன்னால், பதினோரு வருஷம் கடலில் வாசித்தது இதைத்தான் என்று ரோசரி நினைத்துக்கொள்வார். இது நான் இல்லை என்று சொன்னால், கேட்கக் கொடுப்பதற்கு வேறொன்றும் கையில் இல்லை. அதனால் அவர் எதையுமே சொல்லவில்லை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அந்தப் பக்கம் ரோசரி தொண்டையைச் செருமுவார்; கேட்காமல் அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பார். நாற்பது நிமிஷமும் பொறுமையாகக் கேட்டார்.

இங்கே பாட்டு நின்றது. ஒரு நொடி கழித்துக் குவைத்திலும் நின்றது.

"முடிஞ்சிடுச்சுங்க" என்றார் ரோசரி. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க வரவே இல்லையே."