வெள்ளி மெட்டி பாஸ் செய்த காளான்

உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்துத் திருப்பூருக்கு வந்த ராக்கம்மாள், பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். எந்தப் பனியனையும் உள்பக்கம் புரட்டாமல் பாஸ் செய்யமாட்டாள். மகளைப் பெண் பார்க்க வந்தவனின் கைமடிப்பைத் திருப்பி, "தம்பி, இதுல தையல் விட்டிருக்கு" என்று சொல்லி, வந்த சம்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டவள்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு புற்று. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்கள். இங்கே கருநாகத்தைக் கண்டவர் இல்லை; அம்மன் நேராகவே குடிபுகுந்துவிட்டாள். முதலாளி மஞ்சள் துணி சுற்றித் தகரக் கூரையும் போட்டார். பெண்கள் கழிப்பறைக்குப் போட மறந்த கூரை அது.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் இடியோடு மழை கொட்டியது. சில நாளில் புற்றைச் சுற்றி வெள்ளைக் குடைகள். ஆபீஸ் வாசலில், முதலாளி ஊட்டியிலிருந்து வரவழைத்த புல்தரையிலும் வெள்ளைக் குடைகள். ராக்கம்மாள் இரண்டையும் பறித்து ஒரே சட்டியில் போட்டாள்.

"ஏனுங்கக்கா, நஞ்சுக் காளானா இருந்தா?" என்றாள் பக்கத்து அறையில் குடியிருந்து அதே கம்பெனியில் பனியன் மடிக்கும் வேலாத்தாள்.

"வெள்ளிய உள்ள போட்டா கருத்துப் போயிரும்டி. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

கால் மெட்டியைக் கழற்றிக் கழுவிக் குழம்பில் போட்டாள். மெட்டி முன்னைவிடப் பளபளவென்று வெளியே வந்தது. மத்தியானம் தின்றார்கள். பொழுது சாய்வதற்குள் இருவருக்கும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே நிமிர்ந்தார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் மேனேஜர் சசிகுமார் ராக்கம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மன் குடையப் புடுங்கித் தின்னா வேற என்னங்க ஆகும்? தெய்வக் குத்தமுன்னு பூசாரி சொல்லிப்போட்டாரு. முதலாளி உங்கள நிக்கச் சொல்லீட்டாருங்க."

"நான் நின்னுக்கிட்டுதான சார் செக்கிங் பாக்குறேன்?"

"வேலைய விட்டுங்க. சனிக்கிழமையோட."

மரியாதைக்குக் குறைவில்லை. கொங்கு நாட்டில் ஆளை வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

தெய்வக் குத்தக்காரி என்று பெயர் வாங்கியவளை அடுத்த கம்பெனி சேர்க்காது. மேசைக்குத் திரும்பி ஒரு பனியனைப் புரட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது: தின்ற காளான்களில் ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. பாட்டன் பூட்டன் சொன்ன மெட்டிச் சோதனையையும் புரட்டிப் பார்க்கவில்லை.

மழை விடாததால் இரண்டு இடத்திலும் புதிதாக முளைத்திருந்தது. புற்றுக் காளானின் குடை நடுவில் பம்பரத்து ஆணி போலக் கூர்முனை. காம்பில் வளையமில்லை; புரட்டினால் உள்மடிப்பு வெள்ளை. தோண்டத் தோண்ட அடிக்காம்பு வேர் போல நீண்டு கரையான் வீடுவரை இறங்கியது. புல்தரைக் காளானோ தொட்டதும் கையோடு வந்தது. குடைமேல் பழுப்புச் செதில். காம்பில் பனியன் கழுத்தில் தைக்கும் ரிப் பட்டை போல ஒரு வளையம். இளசின் உள்மடிப்பு வெள்ளைதான். முற்றியதைப் புரட்டினால் பாசி பிடித்தாற்போலப் பச்சை.

இரண்டையும் மேனேஜர் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தப் பச்சைதான் சார் எங்களப் படுக்கப் போட்டது. புத்து மேல பழியில்ல."

"அது ஊட்டிப் புல்லுங்க. முதலாளி வெச்சது. அதுல எப்படிங்க நஞ்சு வரும்?"

கரையான் கட்டிய புற்றும், பறித்த கூலிக்காரியும் குற்றவாளிகள். முதலாளியின் புல் நிரபராதி. நாட்டில் பல வழக்குகள் இப்படித்தான் தீர்கின்றன.

"அப்ப புத்துக் காளான மட்டும் ஆக்கித் திங்கிறேன். நாளைக்கு வேலைக்கு வந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

"வாங்க பாக்கலாமுங்க" என்றார் சசிகுமார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அறைக்குப் போய் ஆக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் கண்முன்னாலும் சோற்றில் பிசைந்து தின்றாள். ஒரு தையல்காரர் அவளுடைய ஊர் முகவரியைக்கூடக் கேட்டு வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஷிப்டுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

சசிகுமார் புற்றுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "அம்மன் மன்னிச்சுட்டாளுங்க. முதலாளிகிட்ட சொல்லீட்டேன். நீங்க வேலையப் பாருங்க."

"சார், அந்தப் பச்சை..."

"மன்னிச்சதுக்கு அப்பறம் எதுக்குங்க பேச்சு?"

வேலை நிலைத்தது. புற்றுக்கு ஓர் உண்டியலும் வந்தது. புல்தரையில் நஞ்சு நிம்மதியாக முளைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்று பனியன் மடித்துக்கொண்டிருந்த வேலாத்தாள் மெல்லக் கேட்டாள்.

"அம்மன் மன்னிச்சது இருக்கட்டுங்கக்கா. கொழம்பு மிச்சம் இருக்குதுங்களா?"